உப்புத் தண்ணீர் ஊரில் நாட்டுக்கோழி: மூன்று வருட அனுபவம்

இந்தத் தையோடு எங்கள் வீட்டுக்குக் கோழி வந்து மூன்று வருடம். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ராத்திரி அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. சுற்றிலும் மணல், தென்னை, பனை. அதற்கு முன் நான் கோழியைக் குழம்பில்தான் பார்த்தவன். இரண்டு மாதம் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு இறங்கினேன். அவற்றில் பேசியவர்கள் பெரும்பாலும் கொங்குப் பக்கத்துக்காரர்கள். செம்மண், நல்ல தண்ணீர், வேப்பமர நிழல். எங்கள் கரைக்கு அதில் பாதி செல்லாது என்பது கோழி செத்த பிறகுதான் புரிந்தது.

முதலில் வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் இருபது நாள் குஞ்சுகள் இருபது வாங்கினேன். "சுத்த நாட்டுக்கோழி" என்றார். வளர்ந்த பிறகு பார்த்தால் கலப்பினம். அது கிடக்கட்டும். இரண்டு வாரத்தில் எல்லாம் தண்ணியாகக் கழிய ஆரம்பித்தன. சிறகைத் தொங்கப்போட்டு மூலையில் ஒண்டி நின்றன. இருபது பதினொன்றானது. மருந்துக்கடையில் கொடுத்ததை எல்லாம் கலந்து வைத்தேன், நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு மதினி ஒருநாள் வந்தார். குஞ்சைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"ஏன் தம்பி, இதை நீ குடிப்பியா?"

எங்கள் ஊரில் குடிக்க ஊற்றுத் தண்ணீர் அல்லது குடம் கணக்கில் விலைத் தண்ணீர். புழங்குவதற்கு போர் தண்ணீர், அது கரிக்கும். நான் குஞ்சுகளுக்கு வைத்தது புழங்குகிற தண்ணீர். அன்று மாலையிலிருந்து வீட்டுக் குடத்திலிருந்தே ஊற்றினேன். ஒரு வாரத்தில் எச்சம் கெட்டிப்பட்டது. எல்லாச் சாவையும் தண்ணீர் தலையில் போட மாட்டேன், மார்கழிப் பனி இன்னும் விலகாத நேரம், ராத்திரிக்குப் பல்பு சூடும் போதவில்லை. ஆனால் கோழிக்கு உப்பு ஆகாது, குஞ்சுக்குச் சுத்தமாக ஆகாது. இதை அந்த வீடியோக்களில் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

தீவனத்திலும் அதே உப்பு காத்திருந்தது. கருவாடு மலிவாயிற்றே என்று பொடித்துக் குருணையில் கலந்தேன். மறுபடியும் கழிச்சல். இப்போது உப்புப் போடாமல் மணலில் காயவைத்த காரல் மீன் மட்டும்தான், அதுவும் வாரத்துக்கு இரண்டு கைப்பிடி. அதற்கு மேல் போனால் ஆம்லெட்டில் கருவாட்டு வாசம் வருகிறது. மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். கடல் தந்த ஒரே லாபம் சிப்பி. ஓட்டை அலசி, காயவைத்து, நொறுக்கி ஒரு கொட்டாங்குச்சியில் வைத்தால் தானே வந்து கொத்தும். ஓடு கெட்டியாகாமல் தோலோடு விழும் தோல்முட்டை நின்றது.

கூண்டுக்கு வருகிறேன். இரும்புக் கம்பிவலை வைத்து நன்றாகத்தான் கட்டினேன். உப்புக் காற்றில் பதினான்கு மாதம்தான் தாங்கியது. கீழ் ஓரம் தொட்டால் உதிர்கிற அளவுக்குத் துருவேறியிருந்ததைக் கவனிக்கவில்லை. கீரி கவனித்துவிட்டது. ஒரே ராத்திரியில் நான்கு கோழி, எல்லாவற்றுக்கும் கழுத்தில்தான் கடி. ஒன்றைக்கூட முழுசாகத் தின்னவில்லை. அப்புறம் பனஞ்சட்டத்தில் விரற்கடை இடைவெளி விட்டு அடித்தேன், கூரைக்குப் பனையோலை. முன்பு போட்டிருந்த தகரம் ஆடிக் கச்சான் காற்றில் பறந்து தென்னந்தோப்பில் கிடந்தது. பருந்துக்குப் பயந்து முற்றத்தின் மேல் பழைய மீன்வலை கட்டியிருக்கிறேன். அதைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கிய இடத்தில் ஒரு விடைக்கோழியின் கால் மாட்டி, கத்தரியால் அறுத்து எடுத்தோம்.

2024 நவம்பர் 20 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் கூண்டு தரையோடு இருந்தது. கோழிகளைத் தூக்கி வந்து அடுப்படியில் விட்டோம். மூன்று நாள் அங்கேதான் குடித்தனம். இப்போது கூண்டு இரண்டடிக் காலில் நிற்கிறது.

கலப்பினத்தை எல்லாம் விற்றுவிட்டு, மதினியிடமே சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி இனத்தில் இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினேன். அங்கிருந்துதான் உண்மையில் வளர்ப்பு ஆரம்பித்தது. முதல் அடைக்கு உடைந்த மண்பானையில் மணலும் சாம்பலும் பரப்பி, பதினொரு முட்டை வைத்தோம். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று மதினி ஒரு ஆணியும் கரித்துண்டும் சேர்த்து வைத்தார். நான் சிரிக்கவில்லை, எடுக்கவும் இல்லை. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்தால் உள்ளே சிலந்தி வலை போல சிவப்பு நரம்பு. ஒன்றில் மட்டும் ஒன்றும் இல்லை. இருபதாம் நாள் முட்டையைக் காதில் வைத்தேன், ஓட்டை உள்ளிருந்து தட்டுகிற சத்தம், நடுவே மெல்லிய கீச்சு. தாய் அதற்குப் பதில் சொன்னது, அதுவரை நான் கேட்டிராத ஒரு தணிந்த குரலில். மறுநாள் ஒன்பது குஞ்சு.

தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சுக்கு பல்பும் வேண்டாம், பாடமும் வேண்டாம். கரையான் மட்டும் பிடித்துக் கொடுத்தேன். பழைய சட்டியில் காய்ந்த சாணமும் நனைத்த சாக்கும் அடைத்து, சாயங்காலம் தோப்பில் கவிழ்த்தால் காலையில் ஏறியிருக்கும்.

தடுப்பூசியில் சோம்பல் வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் வந்தால் தெருவையே துடைத்துவிடும். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. சிக்கல் என்னவென்றால் நான் வாங்கும் குப்பி நூறு கோழிக்கு. கலந்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். பத்துக் கோழிக்காரன் என்ன செய்வது? நாங்கள் தெருவில் ஆறு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுகிறோம். குப்பியைக் குளிர்ச்சியாக வைக்க மீன் பெட்டி ஐஸ் இருக்கிறதே, அதற்குப் பஞ்சமில்லை.

கணக்கு கேட்பவர்களுக்கு: இப்போது ஒரு சேவல், ஏழு பெட்டை, குஞ்சுகள் தனி. மாதத்தீவனம் அறுநூறு ரூபாய் ஆகிறது. முட்டை பதினைந்து ரூபாய்க்குப் போகிறது. கையைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான். தினம் முட்டை வேண்டும் என்பவர் சிறுவிடை வாங்காதீர்கள். பன்னிரண்டு, பதினான்கு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குடும்பத்தோடு ஊருக்குப் போவதும் குறைந்துவிட்டது. அந்தி சாய்ந்தால் கூண்டை அடைக்க ஆள் வேண்டும். எத்தனை முறைதான் மதினியைக் கேட்பது?

இன்னும் பிடிபடாதது பேன். சாம்பல் குழி வெட்டினேன், வேப்பிலை பரப்பினேன், வசம்புத் தூள் தேய்த்தேன். குறைகிறது, போவதில்லை. அடையிலிருந்து எழும் கோழி மீதுதான் அதிகம். போன வாரம் ஒன்று எழுந்தது. அதைத் தூக்கி வெளியே விட்ட கை இன்னும் அரிக்கிறது.