எல்இடியா, ரிலே வயரிங்கா? பென்னாகரம் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகு

போன மார்கழியில் ஒரு நாள், மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு இரவு பத்து மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே லாரி வந்ததால் டிம் அடித்தேன். அது கடந்து போன மறுநொடி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் நின்றது. பின்விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. நாற்பதில் போனதால் வண்டி நின்றது. கரும்புத் தோகைக்கும் பானெட்டுக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகள் முன் சீட்டில் மோதி அழ ஆரம்பித்தாள். டிராக்டர்காரரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். எனக்கோ என் விளக்கு அதை முன்பே காட்டியிருக்க வேண்டும் என்றே பட்டது.

அடுத்த வாரமே ஹெட்லைட் விஷயத்தில் இறங்கினேன். அதே நேரத்தில் என் மச்சினனும் தன் காருக்கு எல்இடி பல்பு போட்டான். இரண்டுமே பழைய ஹேட்ச்பேக், இரண்டிலும் ஹெச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றிலேயே இருக்கும் ஹாலோஜன் பல்பு), ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் விளக்கு. நான் ரிலே வயரிங் பக்கம் போனேன், அதாவது பல்புக்குப் பேட்டரியிலிருந்தே தடித்த வயரில் மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடு. தையிலிருந்து இரண்டு காரையும் இதே சாலையிலும் தொப்பூர் கணவாயிலும் மாற்றி மாற்றி ஓட்டியதில் தெரிந்ததை எழுதுகிறேன்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு, அவற்றை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். ஒன்று 100/90 வாட் பல்பு. ஹெச்4 பல்புக்கு வகுத்த அளவே 60/55 வாட்தான். அதற்கு மேல் போனால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். இன்னொன்று ஹெச்ஐடி கிட், இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்வில் எரியும் பல்பு. ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் அதைப் பொருத்தினால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். விளக்கைப் போட்டதும் முழு வெளிச்சம் வரவும் சில நொடிகள் பிடிக்கும்.

எதைப் போடுவதானாலும் முதலில் விளக்கின் கண்ணாடியைப் பாருங்கள். மஞ்சள் பூத்திருந்தால் பாலிஷ் போடுங்கள். விளக்கின் உயரத்தையும் ஒருமுறை சரி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்இடிக்கு உரிய பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்ட அன்றே வித்தியாசம் தெரியும். வெள்ளை வெளிச்சம், காருக்கு முன்னால் பாய் விரித்ததுபோல் பளிச்சென்று இருக்கும். மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். பேட்டரியிலிருந்து வரும் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் அதற்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று சமாளித்துக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம், பிறகு வருகிறேன்.

சிக்கல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதில். ஹெச்4 பல்பில் டிம் இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடும், அதனால்தான் சுவரில் அடித்துப் பார்த்தால் மேல்பக்கம் கோடு கிழித்ததுபோல் வெட்டு விழும், இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலேறும். இழை நூல் மாதிரி மெல்லியது, ரிஃப்ளெக்டரின் கணக்கு முழுக்க அந்த இடத்தை வைத்துத்தான். எல்இடியில் அந்த இழைக்குப் பதில் ஒரு தகட்டின் இரு பக்கமும் சில்லுகள். தகடு தடிமனாக இருந்தால் ஒளி பிறக்கும் இடமே தள்ளிப்போய்விடும்.

பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவரில் இருபத்தைந்து அடி தூரத்திலிருந்து இரண்டு காரையும் அடித்துப் பார்த்தோம். என் கார் போட்ட கோடு தெளிவாக இருந்தது. மச்சினன் காரில் கோடு கலங்கி, அதற்கு மேலே இரண்டு வெள்ளைத் திட்டுகள். பல்பைக் கழற்றிப் பார்த்தால் சில்லுகள் மேலும் கீழும் பார்த்தபடி பொருத்தியிருந்தார்கள். இடமும் வலமும் பார்க்கும்படி திருப்பிப் போட்டதும் பாதி சரியானது. முழுதாகச் சரியாகவில்லை.

சாலையில் இதன் பலன் என்னவென்றால், கிட்டத்தில் நிறைய வெளிச்சம், தூரத்தில் கம்மி. கண் கிட்டத்து வெளிச்சத்துக்குப் பழகிச் சுருங்கிவிடுவதால் தூரம் இன்னும் இருட்டாகிறது. தொப்பூரில் முதல் கியரில் ஊரும் லாரிகளின் மங்கிய பின்விளக்கை எவ்வளவு தொலைவில் பிடிக்கிறோம் என்பதுதான் அங்கே உயிர். நனைந்த தார்ச் சாலையில் அந்த வெள்ளை வெளிச்சம் எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. பென்னாகரம் சாலையிலோ எதிரே வருகிறவர்கள் டிப்பர் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது என் பக்கம். நான் முதலில் பல்பையே மாற்றவில்லை.

எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் வைத்தார். 13.7 வோல்ட். பிறகு பல்பின் பின்னால் கப்ளருக்குள் (வயரைப் பல்போடு சேர்க்கும் செருகி) முனையைச் செருகினார். 11.8. "தம்பி, பல்பு மேல குத்தமில்ல, சாப்பாடே போய்ச் சேரல" என்றார்.

இதை அளக்கும்போது பல்பு மாட்டியே இருக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் மின்சாரம் ஓடாது, வோல்ட்டும் குறையாது. மீட்டர் 13.7 என்றே காட்டும், வயரிங் நன்றாக இருப்பதாக நினைத்து ஏமாந்துபோவோம்.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஹாலோஜன் இழையின் ஒளி வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறையாது. ஏறக்குறைய வோல்ட்டின் 3.4 அடுக்கில் (power) விழும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். என் கணக்குக்கு ஏறத்தாழ நாற்பது சதவீதம். பத்து வருடத்துக்கு மேலாக அறுபது சதவீத வெளிச்சத்தில் ஒகேனக்கல் காட்டுப் பாதையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

காரணம் எளிது. இரண்டு பல்பும் சேர்ந்து பத்து ஆம்பியர் வரை இழுக்கும். பழைய கார்கள் பலவற்றில் அந்த மின்சாரம் முழுவதும் மெல்லிய வயரில் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை போய்த் திரும்ப வேண்டும். வழியெல்லாம் கப்ளர், ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு. ரிலே போட்டால் ஸ்விட்ச் வழியே ரிலேயைத் தட்டி எழுப்பும் துளி மின்சாரம் மட்டும் போகும். பல்புக்கானது பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக வரும். ஸ்விட்சுக்கும் ஆயுள் கூடும்.

நான் வாங்கியது பழைய கப்ளரிலேயே செருகும் கிட், ஒரு வயரையும் வெட்டவில்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள். ரிலேயின் பின்கள் கீழே பார்த்தபடி இருக்கட்டும், தண்ணீர் தங்காது. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் முறுக்க வேண்டும். பலர் பாசிட்டிவ் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். கிட், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. எல்லாம் முடிந்து மறுபடி அளந்தபோது 13.3. அதே பழைய பல்பு, அதே கண்ணாடி. அன்று இரவு பாலக்கோடு சாலையில் புளியமரங்களில் அடித்த வெள்ளைப் பட்டைகள் வரிசையாக வெகு தூரத்துக்குத் தெரிந்தன. வீட்டுக்குத் திரும்பும் வரை பிரைட்டும் டிம்மும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இதற்கு விலையும் உண்டு. முழு வோல்ட் கிடைத்தால் பல்பு சீக்கிரம் போகும். ஐந்து சதவீதம் வோல்ட் ஏறினாலே ஆயுள் பாதியாகலாம். எனக்கு வைகாசியில் இடது பல்பு போய்விட்டது. பாலக்கோட்டில் ஒரு கடையில் வாங்கி, கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து, பத்து நிமிடத்தில் மாட்டினேன். பழைய வயரிங்கிலேயே இருந்திருந்தால் அது இன்னும் பல மாதம் ஓடியிருக்கும், அந்த மங்கல் வெளிச்சத்தோடு. எல்இடி போனால் பெரும்பாலும் முழு செட்டையும் மாற்ற வேண்டும், சின்ன ஊரில் அதே செட் கிடைப்பதும் கஷ்டம். அதன் குட்டி ஃபேன் நம் ஊர்ப் புழுதியில் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் அதை ஓட்டவில்லை.

நான் ஓட்டியது ஒரே ஒரு எல்இடி செட்தான், அதுவும் விலை குறைந்த ரகம். புரொஜெக்டர் விளக்கு (முன்னால் உருண்டை லென்ஸ் வைத்தது) உள்ள காருக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். வாரன்டியில் இருக்கும் புது காரில் வயரிங்கைத் தொடவே வேண்டாம், அங்கே நல்ல தரமான 60/55 வாட் பல்பு மாற்றினால் போதும். நீலம் பூசிய பல்பு மட்டும் வேண்டாம், அந்தப் பூச்சு வெளிச்சத்தைத்தான் தின்னும்.

போன வாரம் மச்சினன் காரிலும் பழைய ஹாலோஜனை மாட்டி அளந்தோம். 12.1. எல்இடி போட்டதும் அவனுக்கு அவ்வளவு பிரமாதமாகத் தெரிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வயரின் பஞ்சத்தை எல்இடி உணரவே இல்லை. "மாமா, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போறதுக்குள்ள எனக்கும் போட்டுடலாம்" என்று கிட் வாங்கி வைத்திருக்கிறான். அவன் கழற்றிப்போட்ட பழைய பல்புகள் இரண்டும் அட்டைப் பெட்டியோடு டிக்கியில் பத்திரமாக இருக்கின்றன.