லேபிளை மறைத்தா, பார்த்தா?

நண்பர்களோடு வைன் சுவைக்க உட்கார்ந்தால், பாட்டிலைத் துணியால் மூடிவிடுவதுதான் எனக்குப் பிடிக்கும். பெயரும் விலையும் தெரிந்துவிட்டால் நாக்குக்கு முன்னால் மனது தீர்ப்புச் சொல்லிவிடும். 1976-இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் வைன் வணிகர் பிரெஞ்சு வைன்களையும் கலிஃபோர்னியா வைன்களையும் வைத்து நடத்திய சுவைப்பில், பெயர் தெரியாமல் குடித்த பிரெஞ்சு நடுவர்கள் சிவப்பு, வெள்ளை இரண்டிலுமே கலிஃபோர்னியா வைனுக்கு முதலிடம் கொடுத்தார்கள். மூடி வைத்தால் பேச்சும் மாறுகிறது. கோப்பையைச் சுழற்றி முகர்ந்துவிட்டு ஒருவர் "ஈர மண் வாசம்" என்பார். இன்னொருவர் "இல்லை, மிளகு" என்பார். புதிதாக வந்தவரும் தயங்காமல் வாய் திறப்பார். ஆனால் கழுத்து வரை நன்றாகச் சுற்ற வேண்டும். பிரான்ஸின் பர்கண்டி பகுதி பாட்டிலின் சரிந்த தோளும் போர்தோ பகுதி பாட்டிலின் நிமிர்ந்த தோளும் எந்த வகை வைன் என்று துணிக்குள்ளிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

லேபிளைப் பார்த்துக் குடிப்பதிலும் சுகம் உண்டு, சரி. ஒரே தோட்டத்தின் வைனை ஆண்டு வாரியாகச் சுவைக்கும்போது ஆண்டு தெரிந்திருப்பது நல்லது. வெயில் கடுமையான ஆண்டில் திராட்சையில் சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கியிருக்கும். அதை வாயிலேயே பிடித்துவிடலாம். அப்புறம், பல வருடம் காத்து வைத்த பாட்டிலை மட்டும் நான் மூடவே மாட்டேன். எதற்காகக் காத்திருந்தோம் என்று தெரிந்தே முதல் மிடறு இறங்க வேண்டும்.