முகவாதத்துக்குப் பிறகு: வாத்தியத்தை மூடி வைப்பதா, கொஞ்சம் ஊதிப் பார்ப்பதா?

பெல் முகவாதத்தில் ஏழாவது மூளை நரம்பு வீங்கி, முகத்தின் ஒரு பாதி சொன்னபடி கேட்காமல் போகிறது. ஊதுபவருக்கு உதட்டோரத்தில் காற்று கசியும். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்குவதும் மூடாத கண்ணை ஈரமாகக் காப்பதும்தான் அவசரம். வாத்தியம் அப்புறம்.

எவ்வளவு அப்புறம்? பலர் முழு ஓய்வு எடுக்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு அதுவே சரி என்பேன். அசையாத உதட்டை வைத்து ஊதினால் நல்ல பக்கம் இழுத்து ஈடுகட்டும். அந்தக் கோணல் பழகிவிட்டால் நரம்பு தேறிய பிறகும் எளிதில் விடாது. ஓய்விலும் விரல்களை ஊதாமலே பழக்கலாம், மூச்சுப் பயிற்சி செய்யலாம்.

கொஞ்சம் ஊதிப் பார்ப்பதற்கு, உதட்டோரம் கண்ணாடியில் லேசாக அசைவது தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் போதும்: நடு ஸ்தாயியில், மெல்லிய நீண்ட ஸ்வரங்கள், கண்ணாடி முன்னால். புல்லாங்குழலுக்கு அழுத்தம் குறைவு, ஆனால் உதட்டின் சிறு இடைவெளி பிசகினாலும் ஒலி வராது. டிரம்பெட்டில் உள் அழுத்தம் அதிகம். தளர்ந்த கன்னம் உப்பிவிடும், ஆகவே இன்னும் பொறுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாதங்கள் கழித்து, ஊதும்போது அந்தப் பக்கத்துக் கண் தானாகச் சுருங்கினால், வளர்ந்துவரும் நரம்பிழை தவறான தசையைச் சேர்ந்திருக்கலாம். அங்கே விடாமுயற்சி கெடுதல் செய்யும். நிறுத்திவிட்டு, முகத் தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால் மருத்துவரிடம் மறுபடி போங்கள்.