முதல் பனிமலை: ஹல்லாசானா, பூன் ஹில்லா?

மலேசியாவின் பீடோங்கிலிருந்து ஞாயிறு விடிகாலையில் குனோங் ஜெராய் மலைக்குக் கிளம்பும் எங்கள் நடைக்குழுவில் இப்போது இரண்டு கட்சி. டிசம்பரில் பனி மிதிக்கப் போவது முடிவாகிவிட்டது. தென்கொரியாவின் ஹல்லாசானா, நேபாளத்தின் பூன் ஹில்லா என்பதில்தான் இழுபறி.

ஹல்லாசான் 1,947 மீட்டர். உச்சிக்குப் போகும் சொங்பனாக் பாதை ஏறக்குறைய 750 மீட்டரில் தொடங்குவதால், ஏற வேண்டியது 1,200 மீட்டர்தான். ஜெராயின் மொத்த உயரமே 1,217. ஆக, அடிவாரத்திலிருந்து ஜெராய் ஏறிய கால்களுக்கு இந்த ஏற்றம் புதிதல்ல. கஷ்டம் நேரத்தில் இருக்கிறது. போக 9.6 கிலோமீட்டர், திரும்ப அதே தூரம், மலையில் இரவு தங்க முடியாது. குளிர்காலத்தில் குறித்த நேரத்துக்குள் வழியிலுள்ள ஜின்டல்லேபாட் குடிலைத் தாண்டாதவர்களை மேலே விடமாட்டார்கள். உச்சிக்குப் போக முன்பதிவும் கட்டாயம்.

பூன் ஹில் 3,210 மீட்டர். வழியிலுள்ள உல்லேரி கிராமத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்படிகள், முழங்கால் கெஞ்சும். ஆனால் வழிநெடுகத் தேநீர் விடுதிகள். முடியவில்லையா, அங்கேயே பருப்பும் சோறும் சாப்பிட்டுப் படுத்து மறுநாள் ஏறலாம். உச்சிக்குக் கீழேயுள்ள கோரேபானி கிராமத்தில் விறகடுப்பைச் சுற்றி எல்லோருடைய ஈரக் காலுறையும் காயும். விடியுமுன் ஒரு மணி நேரம் ஏறினால், 8,167 மீட்டர் தௌலாகிரியின் மேல் முதல் வெயில் விழுவதைப் பார்க்கலாம். ஒன்று கவனம்: 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் வந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும், மோசமானால் இறங்கிவிட வேண்டும். ஹல்லாசானில் இந்தப் பயம் இல்லை. லீவும் குறைவாகப் போதும், நடை ஒரே நாள்.

ஜெராய்ச் சேற்றில் 'கம்போங் அடிடாஸ்' ரப்பர் காலணியை மிஞ்ச எதுவுமில்லை. பனிக்கு அது ஆகாது, குளிர் நேராகப் பாதத்தில் ஏறும். இறுகிய பனியில் காலணிக்கு அடியில் முள்சங்கிலி மாட்டியே ஆக வேண்டும். போன வாரம் ஒட்டுக்கடை வாசலில் உட்கார்ந்து பழகினோம். ரப்பர் வளையத்தை முன்காலில் கோத்துக் குதிகாலுக்கு மேலே இழுக்க வேண்டும். வெறுங்கையில் அரை நிமிஷ வேலை, கையுறை போட்டால் விரல் வழுக்கிக்கொண்டே போகிறது. முப்பது வருஷம் பால்மரம் சீவிய அக்கா ஒருவர் மட்டும் இரண்டாம் தடவையே ஒரே இழுப்பில் மாட்டிவிட்டார். பருத்திச் சட்டை இரண்டு மலைக்குமே வேண்டாம். வியர்வையில் நனைந்தபின் நின்றால் உடம்பு வெடவெடத்துப் போகும்.

என் ஓட்டு பூன் ஹில்லுக்கு. ஜெராயில் கடைசி ஆள் வந்து சேரும்வரை நாங்கள் யாரும் தே ஓ (பாலில்லாத தேநீர்) பிளாஸ்க்கைத் திறப்பதில்லை. அந்த அக்காவுக்கு மூட்டுவலி, எப்போதும் அவர்தான் கடைசி. நேரக் கெடு வைத்த மலையில் அவரைக் குடிலில் உட்காரவைத்துவிட்டு உச்சிக்குப் போக எனக்கு மனம் வராது. பெரும்பான்மை ஹல்லாசான் என்றால், உச்சியை விட்டுவிட்டு யோங்சில் பாதையில் 1,700 மீட்டர் உயரத்திலுள்ள வித்சே ஓரும் என்ற இடம்வரை போவோம். அதற்கு முன்பதிவு தேவையில்லை, தூரமும் 3.7 கிலோமீட்டர்தான். அக்காவும் வருவார்.