மேசையில் மைக்ரோசொப்ட், சட்டைப்பையில் கூகுள்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் எழுத்து வேலைகள் பதினாறு ஆண்டுகளாக என் கையில் இருக்கின்றன. கூட்டக் குறிப்பு, வடிகான் துப்புரவுக்கான கோரிக்கை, மரண உதவிப் பட்டியல் என்று எதுவானாலும் வேர்டில் தட்டி, சந்தியில் உள்ள கடையில் அச்செடுத்து, இறப்பர் முத்திரை குத்திக் கொடுப்பதுதான் வழக்கம். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைத் தரும் வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. அதில் ஓடும் சங்கத்தின் கணினி 2016 இல் வாங்கியது. இனி என்ன செய்வது என்று கூட்டத்தில் கேட்டார்கள். அதற்காகவே விண்டோஸும் வேர்டும் ஒரு பக்கம், கூகுளின் இலவச சேவைகள் ஒரு பக்கம், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமும் லிப்ரே ஓபிஸ் ஆவணச் செயலியும் ஒரு பக்கம் என்று வைத்து, நான்கு மாதங்கள் ஒரே வேலைகளை மூன்றிலும் செய்து பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டவணையோடு அச்சுக்குப் போகும் ஆவணத்தில் வேர்டுக்கு நிகராக இன்னும் ஒன்று வரவில்லை. தமிழில் எழுதுவதை எளிதாக்கியதில் கூகுள் வெகுதூரம் முன்னே போய்விட்டது. பழைய கணினிக்கு லினக்ஸ் போல நல்ல துணை வேறில்லை.

தமிழில் மைக்ரோசொப்ட் பின்தங்கியதுதான் எனக்குப் பெரிய மனவருத்தம். முதலில் வந்தவர்கள் அவர்கள்தான். விண்டோஸ் 2000 பதிப்பிலேயே எந்தக் கணினியிலும் தமிழாகவே வாசிக்கக்கூடிய ஒருங்குறித் (யூனிகோட்) தமிழும் லதா எழுத்துருவும் இருந்தன. அப்போது ஆண்ட்ரொய்ட் என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு திறந்திருப்பதை எங்கள் ஊர்த் தட்டச்சாளர்களுக்கு யாரும் வந்து காட்டவில்லை. நாங்கள் பாமினியில் பழகினோம். பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். ஒருமுறை வீதி விளக்குக் கோரிக்கையை மின்னஞ்சலில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த கணினியில் பாமினி இல்லை. கடிதம் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக விழுந்திருக்கிறது. அவர்கள் தொலைபேசியில் அழைத்தபின் தாள் பிரதியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்க் கொடுத்து வந்தேன். ஆங்கில ஒலியில் தட்டினால் தமிழ் வரும் விசைப்பலகையை விண்டோஸ் தன்னோடு சேர்த்துக் கொடுத்தது 2019 மே மாத இற்றைப்படுத்தலில்தான். பத்தொன்பது ஆண்டுகள்! அதற்குள் ஊர் முழுவதும் கைபேசிக்கு மாறிவிட்டது.

கைபேசியில் கூகுள் 2017 இலேயே தமிழ்க் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது. எங்கள் தலைவர் ஐயாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. விசைப்பலகையை அவர் தொட்டதே இல்லை. இப்போது முன்றிலில் கதிரையைப் போட்டு, கைபேசியை வாயருகே பிடித்து, ‘எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு’ என்று மேடையில் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். சொற்கள் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன. ஊர்ப் பெயர்களை மட்டும் விரலை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு எனக்கு அனுப்பிவிடுகிறார். இன்னொன்றும் செய்தோம். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு சங்கம் அச்சிட்ட சிறு மலர் ஒன்று ஒரே பிரதியாக எஞ்சியிருந்தது. பக்கங்களைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸ் ஆவணமாகத் திறந்தபோது, ஈயெழுத்தில் கோத்த அந்தப் பழைய தமிழ் திருத்தக்கூடிய எழுத்தாக வந்தது. சூறாவளியில் இறந்த எங்கள் ஊரவரின் பெயர்களை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பார்க்க முடிந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே கூகுளுக்கு நான் நன்றியுடையவன்.

ஸ்கைப்பைப் பற்றிச் சொல்லாமல் மைக்ரோசொப்டைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சுவிஸிலும் கனடாவிலும் பிள்ளைகளை வைத்திருந்த தாய்மார் கொமியூனிகேஷன் கடைகளில் பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாகக் காத்திருப்பார்கள். என் அம்மா கோயிலுக்குப் போவதுபோல் சேலை உடுத்தித்தான் அந்தக் கமெராவுக்கு முன்னால் உட்காருவார். ஸ்கைப் என்றாலே முகம் பார்த்துப் பேசுவது என்று எங்கள் வழக்கில் பொருளாகியிருந்தது. 2011 இல் மைக்ரோசொப்ட் அதை 850 கோடி டொலருக்கு வாங்கியது. இவ்வளவு பெரிய கை வாங்கிவிட்டது, இனி நம் கைபேசிக்குள்ளும் இது வந்துவிடும் என்று நம்பினேன். 2016 நவம்பரில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்ததும் அந்த வரிசைகள் கலைந்தன. 2025 மே 5 அன்று ஸ்கைப்பையே மூடிவிட்டார்கள். இந்தப் போட்டியில் கூகுளும் வெல்லவில்லை, வென்றது வட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா. மைக்ரோசொப்ட் தோற்ற விதம்தான் என்னை உறுத்துகிறது. மக்கள் பாசத்தோடு பிடித்திருந்த ஒரு பொருளைப் பதினான்கு ஆண்டுகள் கையில் வைத்திருந்தும் வளர்க்கத் தவறினார்கள். 2014 இல் வாங்கிய நோக்கியா கைபேசித் தொழிலுக்கும் அதே கதிதான். அடுத்த ஆண்டே 760 கோடி டொலரை நட்டமாக எழுதினார்கள். உலாவியிலும் 2020 ஜனவரி முதல் அவர்களுடைய எட்ஜ் ஓடுவது கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற அடித்தளத்தின் மீது.

இப்படியெல்லாம் இருந்தும் 2025 ஜூலையில் மைக்ரோசொப்டின் சந்தை மதிப்பு நான்கு இலட்சம் கோடி டொலரைத் தொட்டது. அந்தப் பணம் பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் மேகக் கணினிச் சேவையையும் செயற்கை நுண்ணறிவின் மீதான எதிர்பார்ப்பையும் நம்பி வந்தது. களுவாஞ்சிகுடியில் ஒரு கணினியை வைத்துக் கடிதம் அடிப்பவர் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்? விண்டோஸ் 11 இற்கு டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017 இல். அதற்கு முன் வாங்கிய கணினி நன்றாக ஓடினாலும் பட்டியலுக்கு வெளியேதான். பாதுகாப்பை இறுக்குவது தேவையென்பதை ஏற்கிறேன். ஆனால் 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குத் தாவியதைப் பார்த்த நாட்டில், புதுக் கணினி என்பது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. பழையதற்கு 2026 ஒக்டோபர் வரை ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பைப் பெற 30 டொலர், ஏறக்குறைய 9,000 ரூபாய். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அவர்களுடைய மேகத்தில் சேமித்தால் அதுவே இலவசம். இந்த இலவச வழியைப் பலர் அறியவில்லை. அவசியம் பயன்படுத்துங்கள்.

கூகுளின் இலவசத்துக்கும் எல்லை உண்டு. 15 ஜிபி இடம். 2021 ஜூன் முதல் படங்களும் அதற்குள்தான். அதைவிடப் பெரியது இணைப்பு. மாரியில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகும் இரவில், முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்காவிட்டால் கூகுள் டொக்ஸில் உள்ள பட்டியல் கைக்கு வராது. மடிக்கணினியில் பற்றரி இருக்கும்வரை வேர்ட் திறக்கும். நிவாரணப் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவருக்கு இது சின்ன விடயமில்லை.

லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் பதிப்பைச் சங்கத்தின் பழைய கணினியில் போட்டேன். உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் நம் நாட்டு ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு இருப்பதைப் பார்த்ததும் உண்மையில் நெகிழ்ந்துபோனேன். பாமினியில் பழகிய விரல்களுக்கு அது அந்நியமில்லை. காசும் இல்லை. ஆனால் லிப்ரே ஓபிஸில் செய்த மூன்று நிரல் அட்டவணை வேர்டில் திறந்தால் சற்று நகர்ந்துவிடுகிறது. அச்சுக்கடை, பாடசாலை, அலுவலகம் எல்லாமே வேர்டில்தான் திறக்கின்றன. சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளும் வேர்டிலும் எக்ஸெலிலும்தான் பழகுகிறார்கள். மைக்ரோசொப்டை எங்கள் ஊரில் தாங்கி நிற்பது இந்தப் பழக்கம்தான். கைபேசியிலேயே வளர்ந்து, பதினான்கு வயதில் முதல்முறை மவுசைப் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற எண்ணம் எனக்கு வருகிறது.

கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பாவித்த மடிக்கணினி ஒன்றை விண்டோஸ் 11 உடன் வாங்குவோம். பழையதை லினக்ஸோடு வாசிகசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். கடிதத்தை யார் எழுதினாலும் கைபேசியில் சொல்லி, ஒருங்குறியில் அனுப்பட்டும். ஒப்புக்கொண்டார்கள். பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை நான் பொறுப்பேற்றிருக்கிறேன். ஒவ்வொரு பெயரையும் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது. நேற்றிரவு 2011 வெள்ள நிவாரணப் பட்டியலைத் திறந்திருக்கிறேன்.