பழைய மரப்படகு: நாமே பார்ப்பதா, சர்வேயரை அழைப்பதா?

பழைய மரப்படகு வாங்குபவருக்கு மூன்று வழிகள்: விற்பவர் நீட்டும் பழைய சர்வே அறிக்கையை நம்புவது, தானே சோதிப்பது, தன் செலவில் சர்வேயரை (படகைச் சோதித்து அறிக்கை தரும் நிபுணரை) அழைப்பது.

முதல் வழி வேண்டவே வேண்டாம். அறிக்கை எழுதியபின் உள்ளே கசிந்த மழைநீரைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

தானே சோதித்தால் நிறையவே பிடிபடும். மரத்தை இற்றுப்போகச் செய்வது கடல்நீரைவிட மழைநீர்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பூஞ்சை வளராது. ஆகவே மேல்தளமும் பக்கப்பலகையும் சேரும் ஓரம், அணியத்தின் (படகின் முன்முனையின்) உச்சி, காற்றுப்படாத பின்மூலைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும், இற்ற மரம் தொம்மென்று அடங்கும். சந்தேகம் வந்தால் விற்பவரிடம் கேட்டுக்கொண்டு குத்தூசியால் குத்துங்கள். உள்ளே, வங்குகள் (பலகைகளைத் தாங்கும் விலாச்சட்டங்கள்) வளையும் இடத்தில் குறுக்கே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். அடிப்பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் காரணம் கேளுங்கள். பழைய மரத்தின்மேல் ஃபைபர் போர்த்திய படகு என்றால் விட்டுவிடுவதே நல்லது. உள்ளே மரம் இற்றிருந்தாலும் வெளியே தெரியாது.

குத்தூசிக்கு எட்டாதவை ஆணியும் ஸ்க்ரூவும். சர்வே இல்லாமல் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். பலகையும் வங்கும் ஒட்டும் இடத்தில் ஈரம் தங்கி ஸ்க்ரூவை அரிக்கும். கழற்றிப் பார்த்தால் தலை புதிதுபோல இருக்கும், நடுவில் பென்சில் முனை அளவுக்கு மெலிந்திருக்கும். பித்தளை ஸ்க்ரூ என்றால் துத்தநாகம் கரைந்து, இளஞ்சிவப்பாகி, திருகும்போதே ஒடியும். ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டைக்கு) அடியில் எடைக்காக வைத்த ஈயத்தையோ இரும்பையோ பிடித்திருக்கும் போல்ட்டுகளும் மூட்டில்தான் தேயும்.

சர்வேயர் படகைக் கரையேற்றி, பாசியைச் சுரண்டி, உரிமையாளர் சம்மதித்தால் பல இடங்களில் ஸ்க்ரூக்களையும், ஓரிரு ஏரா போல்ட்டுகளையும் கழற்றிப் பார்ப்பார். மரத்தைக் குடையும் கப்பற்புழு நுழைந்த துளை குண்டூசித்தலை அளவுதான். அதைத் தேடிப் பிடிப்பதும் பழகிய கண்தான். கரையில் காய்ந்த படகு நீரில் இறங்கியதும் பலகை ஊறும்வரை கசிவது இயல்பு. அந்தக் கசிவையும் கலப்பத்து (பலகை இடுக்குகளில் அடைத்த திரி) தளர்ந்த கசிவையும் பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

ஆனால் மூடிக்கிடக்கும் இடங்களைச் சர்வேயரும் பார்ப்பதில்லை. "பார்க்க இயலவில்லை" என்று அவர் எழுதியிருக்கும் பகுதியை முதலில் படியுங்கள்.

முதலில் நீங்களே அரைநாள் சோதித்து மோசமானவற்றைக் கழித்துவிடுங்கள். தேறும் படகுக்கு மட்டும் சர்வேயருக்குச் செலவழியுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றிய துளையை யார் அடைத்துத் தருவது என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் கழற்றவே விடமாட்டேன் என்கிறாரா? எல்லா ஸ்க்ரூவையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.