இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தட்டிப் பார்ப்பதும் ஓட்டிப் பார்ப்பதும்

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ போய் இண்டக்‌ஷன் அடுப்பு கேளுங்கள். எத்தனை வாட், எத்தனை பட்டன் என்று சொல்லி முடித்ததும் விற்பவர் மேசை டிராயரிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுப்பார். "இது ஒட்டுச்சுன்னா அந்தப் பாத்திரம் ஓடும்க்கா, ஒட்டலன்னா ஓடாது. அவ்வளவுதான்." நம் ஊரில் பாதிப் பேருக்கு இண்டக்‌ஷன் பற்றித் தெரிந்ததும் இது ஒன்றுதான்.

ஆனால் அடுப்புக்குள் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. செப்புக் கம்பிச் சுருளில் கொஞ்சம் ஆற்றலை விட்டு, மேலே இருக்கும் பொருள் அதை எவ்வளவு தின்கிறது என்று பார்க்கிறது. கண்ணாடிக்கு மேலே இருப்பது பால் பாத்திரமா, சாவிக்கொத்தா, வெறும் காற்றா என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். இதைக் கேட்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. கொஞ்சம் காசு கூடினால் மூன்றாவது ஒன்றும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தவறும். அதனால்தான் பக்கத்து வீட்டில் ஓடுகிற சட்டி நம் வீட்டில் அடுப்பை "பீப் பீப்" என்று கத்த வைக்கிறது.

முதலில் அடுப்பு ஏன் இதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சமையலறை மேடையில் வைக்கும் ஒற்றை அடுப்புகள் பெரும்பாலானவற்றில் சுருளை இயக்குவது ஒரே ஒரு பவர் டிரான்சிஸ்டர். ஐஜிபிடி என்பார்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அதை நேர்மின்சாரமாக்கினால் உச்சம் 325 வோல்ட் அளவுக்கு வரும். சுருளும் அதோடு இணைந்த கண்டென்சரும் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து விடும் உறுப்பு) ஆற்றலை மாறி மாறித் தள்ளி ஊஞ்சலாடும்போது டிரான்சிஸ்டர் மீது ஏறும் வோல்ட் அதைவிட மிக அதிகம். அதனால்தான் 1200 வோல்ட் தாங்கும் ஐஜிபிடியாகப் போடுகிறார்கள். பாத்திரம் இருந்தால் சுருளின் காந்தப்புலம் அதற்குள் கரண்டைத் தூண்டும், ஆற்றல் அதில் சூடாகப் போய்விடும். பாத்திரமே இல்லாமல் முழு வேகத்தில் ஓட்டினால் அந்த ஆற்றல் போக இடமில்லாமல் திரும்பி வந்து டிரான்சிஸ்டரையே கொன்றுவிடும். ஆக, இந்தச் சோதனை முதலில் அடுப்பின் சொந்த உயிருக்காக. நம் பாதுகாப்பு கூடவே கிடைக்கிற லாபம்.

தட்டிப் பார்க்கும் முறை

விலை குறைந்த அடுப்புகளில் அதிகம் இருப்பது இதுதான். எனக்குப் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இதன் எளிமை அழகானது. டிரான்சிஸ்டரைச் சில மைக்ரோவினாடிகள் மட்டும் திறந்து மூடுவார்கள். சுருளுக்குள் சில மில்லிஜூல் ஆற்றல் போகும். பிறகு எதையும் தொடாமல், சுருளும் கண்டென்சரும் தாமாக ஆடி அடங்குவதைக் கவனிப்பார்கள். கோயில் மணியைத் தட்டினால் ரீங்காரம் நீண்டு கேட்கும், கையை வைத்துக்கொண்டு தட்டினால் உடனே அடங்கிவிடும், அதே கதைதான். மேலே இரும்புப் பாத்திரம் இருந்தால் ஆட்டம் சில சுற்றுகளிலேயே அடங்கும். இல்லாவிட்டால் நீளும். எத்தனை சுற்று என்று எண்ணுவதற்கு இரண்டு வோல்ட்டை ஒப்பிடும் ஒரு கம்பாரேட்டர் சில்லும் அடுப்பை நடத்தும் மைக்ரோகன்ட்ரோலரும் போதும். எண்ணிக்கை வரம்புக்குக் கீழே என்றால் பாத்திரம் இருக்கிறது, மேலே என்றால் இல்லை.

ஒரு கணக்கு: சுருள் 90 மைக்ரோஹென்ரி, கண்டென்சர் 0.27 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 32,000 தடவை. ஒரு சுற்றுக்கு 31 மைக்ரோவினாடி. முப்பது சுற்று நீண்டாலும் ஒரு மில்லிவினாடிக்குள் தீர்ப்பு வந்துவிடும். நொடிக்கு ஒருமுறை இப்படித் தட்டினாலும் செலவாகும் மின்சாரம் பொருட்டே இல்லை. பாத்திரத்தை எடுத்தபிறகு அடுப்பிலிருந்து "டிக்... டிக்..." என்று மெல்லிய சத்தம் வருகிறதே, பெரும்பாலும் அது இந்தத் தட்டல்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாத்திரம் வராவிட்டால் தானே அணைந்துகொள்ளும்.

இதன் குறை, தீர்ப்பு ஒற்றை எண்ணில் நிற்பது. வரம்புக்குப் பக்கத்தில் நிற்கிற பாத்திரம் ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் ஆகும். நடுவில் வைத்தால் ஓடும், இரண்டு விரல் நகர்ந்தால் கத்தும். ஆற்றல் எவ்வளவு வேகமாகத் தீர்ந்தது என்பது தெரியும், அது எங்கே போனது என்பது இதற்குத் தெரியாது.

ஓட்டிப் பார்க்கும் முறை

இங்கே அடுப்பு குறைந்த அளவில் சிறிது நேரம் உண்மையாகவே ஓடும். மின்கம்பியிலிருந்து எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அளப்பார்கள். பாத்திரம் இல்லாவிட்டால் சுருளுக்குள் கரண்ட் சுழன்றுகொண்டே இருக்கும், ஆனால் வெளியிலிருந்து இழுப்பது சொற்பம். பாத்திரம் இருந்தால் இழுவை எகிறும்.

இதில் கிடைப்பது ஆம், இல்லை என்ற பதில் மட்டுமல்ல, எவ்வளவு என்ற அளவும் கூடவே வருகிறது. அரைகுறையாகப் பொருந்துகிற பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ற அளவில் ஓட்ட முடியும். தோசைக்கல்லைத் தூக்கிய நொடியில் இழுவை விழுவதை வைத்து நிறுத்தவும் முடியும். இந்தப் பக்கம் குறை என்னவென்றால், ஒவ்வொரு தேடலிலும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் அடி வாங்குகிறது. மின்னழுத்தம் மாறினால் கரண்டும் மாறும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு சரியாக வரும். மாலையில் வோல்ட் இறங்குகிற தெருக்களில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு இல்லை.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், கேள்வியே கொஞ்சம் கோணல். ஒழுங்காக வடிவமைத்த அடுப்பு இரண்டையும் வைத்திருக்கும்: தொடங்கும் முன் தட்டிப் பார்க்கும், ஓடத் தொடங்கியபின் கரண்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தட்டல் மட்டும் நம்பி ஓடுகிற அடுப்பைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அட்டைப் பெட்டியில் இதை யாரும் அச்சிடுவதில்லை என்பதுதான் எரிச்சல். "எட்டு வகை இந்தியச் சமையல் மெனு" என்று மட்டும் பெரிதாகப் போடுவார்கள்.

மூன்றாவது, மேடையில் பதிக்கும் விலைகூடிய அடுப்புகளில் வருவது. இரண்டு ஐஜிபிடி. முதலில் அதிர்வெண்ணை உயரத்தில் வைத்துத் தொடங்கி, மெல்ல இறக்கிக்கொண்டே வோல்ட்டுக்குக் கரண்ட் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று பார்ப்பார்கள். சுருளின் இண்டக்டன்ஸ் (காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேர்த்து வைக்கும் திறன்) எவ்வளவு மாறியது, எதிர்ப்பு எவ்வளவு கூடியது என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். அலுமினியம் வைத்தால் இண்டக்டன்ஸ் நன்றாக விழும், எதிர்ப்பு அதிகம் கூடாது. இரும்பில் எதிர்ப்பு ஏறும். ஆக "பாத்திரம் இல்லை" என்பதையும் "தவறான பாத்திரம்" என்பதையும் பிரித்துச் சொல்ல இந்த முறையால்தான் நன்றாக முடியும். விலையைப் பார்த்தால் நம்மில் பலருக்கு இந்தப் பத்தியோடு போதும்.

நம் வீட்டுப் பாத்திரங்கள் இந்தத் தேர்வில்

காந்தக் கதை எங்கே உடைகிறது என்று இங்கேதான் தெரியும். உயர் அதிர்வெண்ணில், பாத்திரத்துக்குள் தூண்டப்பட்ட கரண்ட் உலோகத்தின் மேல்தோலில் மட்டும் ஓடும். 25 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 25,000 ஆட்டத்தில், இரும்பில் அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அலுமினியத்தில் அரை மில்லிமீட்டர், செம்பில் இன்னும் கொஞ்சம் குறைவு. மெல்லிய தோலுக்குள் நெரிசலாக ஓடினால் எதிர்ப்பு அதிகம், சூடு அதிகம். இரும்போடு ஒப்பிட்டால் அலுமினியத்தில் எதிர்ப்பு இருபது மடங்குக்கு மேல் குறைவு. அதனால் அலுமினியச் சட்டியை அடுப்பு கிட்டத்தட்டக் காற்றாகவே பார்க்கிறது. அதிர்வெண்ணைப் பல மடங்கு உயர்த்தினால் அலுமினியமும் செம்பும்கூட சூடாகும். ஜப்பானில் அப்படிப்பட்ட அடுப்புகள் விற்பனைக்கே வந்தன.

எவர்சில்வர்தான் வம்பு. காந்தம் ஒட்டாத 304 வகை எவர்சில்வரில் அந்தத் தோல் ஆழம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். நம் வீட்டுத் தட்டின் தகடோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அப்படியென்றால் தகட்டின் முழுத் தடிமனிலும் கரண்ட் ஓடும், எதிர்ப்பு இரும்புக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். காந்தம் ஒட்டாத மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தைச் சில அடுப்புகள் ஏற்றுக்கொண்டு சூடாக்குவது இதனால்தான். அலுமினிய ஃபாயில்கூட, அத்தனை மெல்லியது என்பதால், இண்டக்‌ஷன் மேல் சூடாகிக் கருகும். ஃபாயிலில் சுற்றிய சப்பாத்திப் பொட்டலத்தை ஓடுகிற அடுப்பின் ஓரத்தில் வைக்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. தாளிக்கிற இரும்புக் கரண்டியில் காந்தம் அறைந்து ஒட்டும், அடுப்பு சட்டையே பண்ணாது. அடி விட்டம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பல அடுப்புகள் ஏற்பதில்லை. காபிக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சும் கிண்ணியோடு வாழ்கிறவர்களுக்கு இது பெரிய குறை. ஆனால் மறந்து வைத்த கரண்டி பழுக்கச் சூடாகாமல் இருப்பதும் இதே குணத்தால்தான். அடி உருண்ட வடைச்சட்டி, நடுவில் மேலேறிய பழைய தோசைக்கல் இரண்டிலும் இரும்புக்குக் குறைவில்லை, இடைவெளிதான் கெடுக்கிறது. சில மில்லிமீட்டர் விலகினாலும் காந்தப்புலம் பிடி தளரும்.

பாத்திரத்தின் விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டி, நடு அடியில் ஒட்டாமல் போவதும் உண்டு. எவர்சில்வரை வளைத்து அடித்த மூலைகளில் உலோகத்தின் அமைப்பு மாறிக் கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பாத்திரம் பார்க்கும்போது காந்தத்தை நடு அடியில் வையுங்கள், விளிம்பில் வைத்து ஏமாறாதீர்கள்.

சரி, இருக்கிற அலுமினியச் சட்டியை விடமனமில்லை என்று சிலர் இரும்புத் தட்டு வாங்கிக் கீழே வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுப்பு அந்தத் தட்டைத்தான் பாத்திரம் என்று நம்பும். நீங்கள் சட்டியை இறக்கிவிட்டாலும் தட்டு மேலேயே இருப்பதால் அது அணையாது. இத்தனை சோதனை வைத்த அடுப்பின் முக்கியமான காவலை நாமே கழற்றி வைத்த மாதிரி ஆகிவிடும்.

எதையும் சோதிக்காத அடுப்பு

பக்கத்து அலமாரியில் இன்ஃப்ராரெட் அடுப்பு இருக்கும். கண்ணாடிக்கு அடியில் கம்பி சிவந்து எரிகிற வகை. பாத்திரச் சோதனை என்ற பேச்சே இல்லை. அலுமினியம், பித்தளை, அடி உருண்டது, சின்னக் கிண்ணி எல்லாம் வைக்கலாம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வாங்கிவந்த சங்கராவை மண்சட்டியில்தான் குழம்பு வைப்பேன் என்கிறவர்களுக்கு, மின்சார அடுப்புகளில் இண்டக்‌ஷன் உதவவே உதவாது. இன்ஃப்ராரெட்டில் சூட்டை மெல்ல ஏற்றினால் வேலை நடக்கும். விலையாகக் கொடுப்பது பாதுகாப்பை. பாத்திரத்தை எடுத்தாலும் கம்பி சிவந்தபடியே இருக்கும், அணைத்தபிறகும் கண்ணாடி நெடுநேரம் கொதிக்கும். தவழ்கிற குழந்தையும் மறதி வந்த பெரியவரும் இருக்கிற வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். இண்டக்‌ஷன் அடுப்பின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சர்க்யூட் மேல் அடிக்கிறது. சுருளின் ஆட்டத்தை எண்ணுகிற இடத்தில் இருக்கும் ரெசிஸ்டர்கள் பல லட்சம் ஓம் அளவிலானவை. உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் சேர்ந்து படிந்தால் அவற்றின் மேலாகக் கரண்ட் கசிந்து கணக்கு கெடலாம். நேற்றுவரை ஓடிய குக்கரையே இன்று இல்லை என்கிற அடுப்பில் பாத்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். கரப்பான் புகுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மெக்கானிக்கிடம் முதலில் போர்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் பெரிய கண்டென்சரை அளக்கச் சொல்லுங்கள். அதன் மதிப்பு குறைந்தாலும் ஆட்டத்தின் கணக்கு மாறிவிடும். கேஸ் சிலிண்டரை மட்டும் ஒழித்துவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின், நெய்வேலியில் மின்சாரம் எடுக்கிற கடலூர் மாவட்டத்திலேயே பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன.

இனி கடைக்குப் போகும்போது காந்தத்தை நம்பாமல், தினமும் புழங்குகிற பாத்திரங்களில் மிகச் சிறியதையும் அடி மிகவும் கோணலானதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கால்வாசித் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஓடும்போதே பாத்திரத்தை மெல்ல ஓரத்துக்குத் தள்ளுங்கள். பாதிக்கு மேல் வெளியே போனபின்தான் கத்துகிறது என்றால் நல்ல அடுப்பு. விரலளவு நகர்ந்ததுமே கத்தினால் அதன் வரம்பு உங்கள் பாத்திரத்துக்கு ஒத்துவராது. அடுத்து பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள்: எத்தனை நொடியில் நிற்கிறது, திரும்ப வைத்ததும் தானே தொடர்கிறதா அல்லது மறுபடி பட்டன் தட்டவேண்டுமா? தோசை ஊற்றுகிற வீட்டுக்கு இந்தக் கடைசிக் கேள்வி எட்டு வகை மெனுவைவிட முக்கியம். கடைக்காரர் முகம் சுளித்தால் நாலு கடை தள்ளிப் போங்கள், இந்தத் தெருவில் அடுப்புக் கடைக்கா பஞ்சம்.